இரவுகளை எண்ணிச் செல்லும் தீவு

விடுமுறைக்குத் திட்டமிடுபவர் பெரும்பாலும் பகல்களையே எண்ணுவர். வெள்ளிக்கிழமை புறப்பாடு, திங்கட்கிழமை திரும்புதல், இடையே இத்தனை பகல் என்று கணக்கிட்டுக் கொள்வர். வியட்நாம் நாட்டின் தென்கடலில் கோன் தாவ் என்றொரு தீவுக் கூட்டம் இருக்கிறது. அங்குச் செல்ல விரும்புவோர் பகல்களை விடுத்து இரவுகளை எண்ண வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி. இதை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஒருமுறை தவறாகத் திட்டமிட்டு, அக்காரணத்தால் இருமுறை சென்று கற்றுக்கொண்டேன்.

கோன் தாவ் பதினாறு தீவுகளின் தொகுதி. எல்லாவற்றையும் சேர்த்தாலும் பரப்பு சுமார் 76 சதுர கிலோமீட்டர்தான். அவற்றுள் பெரியதான கோன் சோன் தீவில்தான் ஊரும் கடைவீதியும் விமான நிலையமும் உள்ளன. பழைய ஐரோப்பியக் கடற்படங்களில் இதற்குப் புலோ கொண்டோர் என்று பெயர். பூசணித் தீவு எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லின் திரிபு அது என்பர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1702இல் இங்கே ஒரு கோட்டை அமைத்தனர். 1705இல் அவர்களுடைய மக்காஸார்ச் சிப்பாய்களே அவர்கள்மீது பாய்ந்து அதற்கு முடிவு கட்டினர். பின்னர் வந்த பிரெஞ்சுக்காரர் 1862இல் இதைச் சிறைத்தீவாக்கினர். 1975 வரை, ஆட்சிகள் மாறியும், சிறை மாறவில்லை.

இத்தகைய இடத்துக்கு உல்லாசமாகப் போகலாமா என்று என் மனைவி கேட்டாள். கேள்வி நியாயமானதே. இதற்கு ஒரு முன்னுதாரணமும் உண்டு. கமீல் சேன் சான்ஸ் என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சு இசைமேதை 1895இல் இத்தீவில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கினார். சிறை அதிகாரியின் விருந்தினராக இருந்து, காலஞ்சென்ற நண்பர் ஒருவர் குறையாக விட்டுச்சென்ற இசைநாடகத்தை நிறைவு செய்தார். அவர் இசை எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில், சிறிது தொலைவில் விலங்கு பூண்ட மனிதர்கள் கல் உடைத்துக் கொண்டிருந்தனர். அவர் தங்கிய வீடு இன்னும் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் காற்று வாங்கப் போகும்போது கண்ணில் படும்.

இனி என் தவற்றைச் சொல்லுகிறேன். முதன்முறை நான் ஜனவரியில் சென்றேன். மழையில்லாத காலம் என்று கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் ஆண்டின் இறுதியில் தொடங்கி பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று பலமாக வீசும் என்பதை நான் பொருட்படுத்தவில்லை. வுங் தாவ் துறைமுகத்திலிருந்து சுமார் 185 கிலோமீட்டர் கடல் கடக்க வேண்டும். அன்று படகு நின்றுபோயிற்று. ஒரு நாள் துறைமுகத்திலேயே கழிந்தது. இரண்டு இரவு எனத் திட்டமிட்ட பயணம் ஓர் இரவாகச் சுருங்கியது. அந்த ஓர் இரவிலும், நான் காண விரும்பிய கடலாமைகள் அப்பருவத்தில் கரையேறுவது அரிது என்று விடுதிக்காரர் தெரிவித்தார். மறுமுறை ஜூலையில், மூன்று இரவுகளுடன் சென்றேன். பிற்பகல்களில் மழை பெய்தது, பெய்தால் என்ன?

முதல் இரவு சிறைச்சாலைக்கு அடுத்த இரவாக இருக்க வேண்டும். அதாவது வந்திறங்கிய பகலிலேயே சிறைகளைப் பார்த்துவிட வேண்டும். கடலில் நீராடிவிட்டு, மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவற்றைப் பார்க்கச் செல்வது பொருந்தாது. புலிக்கூண்டுகள் என்று பெயர்பெற்ற அறைகளைப் பிரெஞ்சுக்காரர் 1940இல் கட்டினர். மொத்தம் 120 அறைகள்.  மேலே இரும்புக் கம்பிகள்தான். கம்பிகளுக்கு மேலே காவலர் நடக்கும் பாதை. அங்கிருந்து கைதிகள்மீது சுண்ணாம்புத் தூளைக் கொட்டுவார்கள். இவை இருப்பதையே அதிகாரிகள் மறைத்து வந்தனர். 1970 ஜூலையில், முன்னாள் கைதி ஒருவர் வரைந்து கொடுத்த படத்தை வைத்துக்கொண்டு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் இருவர் அங்கே வந்தனர். வியட்நாமிய மொழி அறிந்த டான் லூஸ் என்பவரும் உடன்வந்தார். காய்கறித் தோட்டத்தருகே சுவரில் இருந்த ஒரு சிறு கதவு திறந்தது. உடன்வந்த டாம் ஹார்கின் எடுத்த படங்கள் ‘லைஃப்’ பத்திரிகையில் வெளியாகி, உலகமெங்கும் கண்டனத்தை எழுப்பின.

இன்று நாமும் அந்த மேற்பாதையில் நடக்கிறோம். கைதி நின்ற இடத்தில் அன்று, காவலன் நின்ற இடத்தில் நின்று குனிந்து பார்க்கிறோம். இது எனக்கு உவப்பாக இல்லை. உடனே இறங்கி, கீழே ஓர் அறைக்குள் சென்று நிமிர்ந்து பார்த்தேன். செல்பவர்கள் இரண்டையும் செய்வது நல்லது.

அன்றிரவே ஹாங் துவோங் கல்லறைக்குப் போகலாம். இத்தீவில் இறந்தவர் சுமார் இருபதாயிரம் பேர் என மதிப்பிடுகின்றனர். இக்கல்லறையில் இருப்பவை ஏறக்குறைய 1,900 சமாதிகள். பெயர் தெரிந்தவை அவற்றுள் சுமார் 700. பகலில் அமைதியாகக் கிடக்கும் அவ்விடம் நள்ளிரவை நெருங்க நெருங்க மக்களால் நிரம்புகிறது. அவர்கள் நாடி வருவது வோ தி சௌ என்னும் பெண்ணின் சமாதியை. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துக் கையெறிகுண்டு வீசிய அவளை, 1952 ஜனவரி 23ஆம் நாள் இத்தீவில் சுட்டுக் கொன்றனர். பிறந்தது 1933, இருபது வயது நிரம்பவில்லை. வெண்மலர், பழம், சீப்பு, கண்ணாடி ஆகியவற்றை அவள் முன் வைத்து வணங்குகிறார்கள். கட்சிக்காரரும் வணங்குகிறார், கடைக்காரரும் வணங்குகிறார். நம் சிற்றூர்க் கன்னித் தெய்வங்களை அறிந்தவர்க்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. நானும் ஒரு கொத்து வெண்மலர் வாங்கினேன். எனக்கு முன்னே நின்ற மூதாட்டி ஒருவர் சீப்பை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, பிறகே வைத்தார்.

இரண்டாம் இரவு ஆமைகளுக்கு. இது பாய் கான் என்னும் அண்டைத் தீவில். தேசியப் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்து, பகலில் படகேறி, வனக்காவலர் நிலையத்தில் இரவு தங்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை பேராமைகள் முட்டையிட வரும். இருட்டில் விளக்கின்றி, பேச்சின்றிக் காத்திருக்க வேண்டும். ஆமை குழி தோண்டி முட்டையிடத் தொடங்கிய பின்னரே காவலர் நம்மை அழைப்பார். ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை இடும். காவலர்கள் அவற்றை எடுத்துப் பாதுகாப்பான மணற்பொரிப்பகத்தில் புதைக்கின்றனர். விடியலில் குஞ்சுகளைக் கடலில் விடும் காட்சி கிடைத்தால் அது நம் நல்லூழ்.

மூன்றாம் இரவை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். படகு தவறினால் அது பயன்படும். தவறாவிட்டால், தாம் திராவ் கடற்கரையில் நாள் முழுவதும் கிடந்து களைத்து உறங்கலாம். விமானம் தலைக்கு மேலேயே இறங்கும். குழந்தைகளுக்கு அது பெரிய வேடிக்கை.

ஆவணங்களில் ஒன்று மட்டும் நினைவூட்டுகிறேன். ஃபூ குவோக் தீவுக்கு நேரே சென்று அங்கேயே தங்கித் திரும்புவோர்க்கு 30 நாள் விசா விலக்கு உண்டு. அது கோன் தாவுக்குப் பொருந்தாது. இந்தியர் மின்விசா பெற வேண்டும். 2023 ஆகஸ்டு முதல் அது 90 நாள் வரை கிடைக்கிறது. வழியில் சைகோனில், அதாவது ஹோ சி மின் நகரில், ஒரு பொழுது கிடைத்தால் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலைக் காணலாம். அங்கே வியட்நாமியரே பெருந்திரளாக வழிபடுகின்றனர்.

வாங்கி வருவதற்கு வறுத்த வாதுமைப் பருப்பு இருக்கிறது. நம் பள்ளிக்கூட முற்றங்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரமேதான் அங்கும் வீதிதோறும் நிற்கிறது. பல மரங்கள் சிறைக்காலத்தவை. அவற்றின் இலையையும் காயையும் கைதிகள் தின்று பசியாறியிருக்கின்றனர். பருப்பை உப்பிட்டும் சர்க்கரையிட்டும் விற்கிறார்கள். விலை சற்று மிகுதிதான். ஒவ்வொரு கொட்டையையும் கையால் பிளந்து பருப்பெடுக்க வேண்டியிருக்கிறது.