வீடு மிகுந்தாலும் தெரு, குறைந்தாலும் தெரு!

அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு மாநிலம். அதன் தலைநகர் பீனிக்ஸ். சுற்றிலும் பாலைவனம். கள்ளியும் கல்லுமாய்க் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் கிடக்கிறது. 2020 ஜனத்தொகைக் கணக்குப்படி 16 லட்சம் பேர் வாழும் அந்த ஊர், அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய நகரம். பணக்கார நாடு, பரந்த நிலம். ஆனால் அங்கே உழைப்பாளிக்குக் குடியிருக்க வீடு கிடைப்பது பெரும் பாடாக இருக்கிறது. ஏன்?

“வீடு குறைவு, கேட்பவர் அதிகம், ஆகவே விலை ஏறுகிறது” என்று முதலாளிகளின் பத்திரிகைகள் சொல்கின்றன. இது பாதி உண்மை. மறு பாதியை நாம் பார்ப்போம்.

வீடு மிகுந்த காலம்

2006 வரை பாங்கிகள் அங்கே கடனை அள்ளி வீசின. முதலில் குறைந்த தவணை, பிறகு ஏறும் வட்டி. இந்தக் கடனை நம்பிப் பாலைவனத்தில் வீடுகள் காளான்களைப்போல் முளைத்தன. பிறகு நெருக்கடி வெடித்தது. 2006-க்கும் 2011-க்கும் இடையில் வீட்டு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. தவணை கட்ட முடியாதவர்களின் வீடுகள் ஏலத்துக்குப் போயின. மாநிலத்தில் கட்டிட வேலை பார்த்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் வேலை இழந்தார்கள்.

கவனியுங்கள், தோழர்களே! வீடுகள் பூட்டிக் கிடந்தன; குடும்பங்கள் வெளியே நின்றன. அன்று ஏழைக்கு வீடில்லாமற் போனது வீட்டுப் பஞ்சத்தாலா? இல்லை. வீடு மிகுந்துபோனதால்!

இது நமக்குப் புதிதல்ல. மில் கிடங்கில் நூல் மிகுந்தால் நமக்குக் கிடைப்பது வேட்டி அல்ல, ஆட்குறைப்பு நோட்டீஸ்தானே?

2008-ல் அமெரிக்க சர்க்கார் நிதி முதலாளிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர்வரை ஒதுக்கிச் சட்டம் போட்டது. வீடிழந்த குடும்பங்களுக்குக் கிட்டியது சொற்பம். 2012-ல் பிளாக்ஸ்டோன் என்ற பெரும் நிதிக் கம்பெனி வாடகை வீட்டு வியாபாரத்தில் இறங்கியது. அதற்காகத் தொடங்கிய நிறுவனம் தன் முதல் வீட்டை வாங்கிய இடம் இதே பீனிக்ஸ்தான். பிறகு பல நகரங்களில் பல்லாயிரம் வீடுகளை வாங்கிக் குவித்தது. சொந்த வீட்டை இழந்தவன், அதே மாதிரி வீட்டுக்கு வாடகை கொடுப்பவனாக ஆனான்.

வீடு குறைந்த காலம்

லாபமில்லை என்று முதலாளிகள் பல வருஷம் கட்டிட வேலையை முடக்கிப் போட்டார்கள். ஜனத்தொகையோ பெருகியது. 2021-ல் ஒரு வருஷத்துக்குள் விலை 30 சதவீதத்துக்கு மேல் எகிறியது. 2022 ஆரம்பத்தில் விற்பனைக்கு இருந்த வீடுகள் ஒரு மாத விற்பனைக்குக்கூடக் காணாது. அந்த வருஷ மத்தியில் விலை 2011-ல் இருந்ததைப்போல் மூன்று மடங்கைத் தாண்டியது.

பிறகு வட்டி ஏறியது. 2021-ல் 3 சதவீதம் அளவில் இருந்த வீட்டுக்கடன் வட்டி, 2022 அக்டோபரில் 7 சதவீதத்தைத் தொட்டது. பழைய குறைந்த வட்டியில் வீடு வைத்திருப்பவர் அதை விட்டுப் புதுக் கடனுக்குப் போவாரா? மாட்டார். ஆகவே வீடு சந்தைக்கு வரவில்லை. வந்த வீட்டையும் புது வட்டியில் வாங்கத் தொழிலாளியால் முடியவில்லை.

வாடகைக்காவது போகலாமா? 2024-ல் அரிசோனாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.35 டாலர். வாரம் 40 மணி உழைத்தால் மாதம் சுமார் 2,490 டாலர். இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டின் வாடகை சுமார் 1,500 டாலர். கூலியில் பாதிக்கு மேல் வீட்டுக்காரன் பைக்குள்! வாடகைக்கு உச்சவரம்பு கட்டலாமென்றால், தனியார் வீட்டு வாடகையில் நகரசபைகள் தலையிடக் கூடாதென்று மாநிலச் சட்டமே தடுக்கிறது. பெரிய வீட்டு முதலாளிகள் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டின் மூலம் கூட்டுச் சேர்ந்து வாடகையை ஏற்றினார்கள் என்று மாநில அட்டார்னி ஜெனரலே 2024 பிப்ரவரியில் வழக்குத் தொடுக்க நேர்ந்தது.

வெயிலின் கணக்கு

அந்த ஊரில் கூரை என்பது சௌகரியமல்ல, உயிர். 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரிக்குக் குறையவில்லை. பீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா மாவட்டத்தில் அந்த வருஷம் வெப்பத்தால் மாண்டவர்கள் 645 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வீடற்றவர்கள். அதே வருஷத்தில்தான், நகர மையத்தருகே கூடாரம் போட்டுக் கிடந்த வீடற்றவர்களைக் கோர்ட் உத்தரவின் பேரில் அப்புறப்படுத்தினார்கள். கூடாரம் போயிற்று, பிரச்னை போகவில்லை. முதலாளித்துவம் வீட்டுப் பிரச்னையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது என்று எங்கெல்ஸ் 1872-லேயே விளக்கினார்.

“மெக்ஸிகோக்காரன் வந்ததால்தான் வீடில்லை” என்று பேசுகிறவர்களும் அங்கே உண்டு. குடியேறியவர்களை வேட்டையாட 2010-ல் அம்மாநிலம் ஒரு கொடிய சட்டமே போட்டது. ஆனால், அந்தக் கொளுத்தும் வெயிலில் கூரை ஏறி ஓடு பதித்தவர்களில் ஏராளமானோர் யார்? அதே மெக்ஸிகோத் தொழிலாளிகள்தான்! வீட்டைக் கட்டியவனையே வீட்டைப் பறித்தவன் என்று காட்டுவது, பறித்தவனை மறைக்கும் தந்திரம்.

தோழர்களே, வீடு மிகுந்தபோதும் தெரு, குறைந்தபோதும் தெரு என்றால், கோளாறு வீட்டின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. வீடு யாருக்காகக் கட்டப்படுகிறது என்பதில் இருக்கிறது. இன்னும் வீடுகள் வேண்டும், சந்தேகமில்லை. அவற்றைப் பொதுப் பணத்தில், குடியிருப்பதற்காகக் கட்ட வேண்டும். வாடகைக்கு வரம்பு வேண்டும். நிதிக் கம்பெனிகள் வீடுகளைச் சூறையாடுவதைத் தடுக்க வேண்டும். இவை தானாக வரமாட்டா. கட்டுகிறவனும் குடியிருக்கிறவனும் ஒன்று சேர்ந்து போராடினால்தான் வரும்.

பீனிக்ஸ் தொழிலாளியின் முகத்தை நாம் பார்த்ததில்லை. ஆனால் மாதக் கடைசியில் அவன் போடும் கணக்கு நமக்குத் தெரியும். அவன் நம்மவன்!