போலிக் கைக்கடிகாரமும் திருத்தக் கூலியும்

ஒரு பொருளின் விலை அதனை வாங்கும் நாளோடு முடிந்துவிடுவதில்லை. அதனைப் பேணும் செலவும் விலையின் ஒரு பகுதியே ஆகும். இவ்வுண்மையை நன்கு உணர்த்துவது போலிக் கைக்கடிகாரம்.

கல்முனைக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த ஊர் பெரியநீலாவணை. இவ்வூரிலும் அயலூர்களிலும் இருந்து வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் பலர். விடுமுறையில் வரும் மகன் வாப்பாவுக்கோ மச்சானுக்கோ கைக்கடிகாரம் ஒன்று கொணர்கின்றான். முகப்பிலே புகழ்பெற்ற சுவிஸ் நிறுவனமொன்றின் பெயர் மின்னுகின்றது. கொடுத்தவனின் அன்பு உண்மையானது, பெயர்தான் பொய்யானது.

சில மாதங்களில் கடிகாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? பற்றரியால் இயங்குவதாயின் தொல்லை சிறிது. 1969 டிசெம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதன்முதல் விற்பனைக்கு விட்ட வகை அது. செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் பளிங்கே அதன் உயிர். பழுதுற்றால் உள்ளியந்திரம் முழுவதையும் குறைந்த செலவில் மாற்றிவிடலாம்.

கையசைவினால் தானே முறுக்கேறும் வகையோ வேறு. அதன் சமநிலைச் சக்கரம் மணிக்கு 21,600 அல்லது 28,800 தடவை துடிப்பது. அதனைக் கழற்றி, கழுவி, எண்ணெயிட்டு, மீளப் பூட்டிச் சீர்ப்படுத்த வேண்டும். உண்மைக் கடிகாரமாயினும் போலியாயினும் இவ்வேலைக்குச் செல்லும் நேரம் ஒன்றே. ஆகவே கூலியும் ஏறத்தாழ ஒன்றே. இதனாற்றான் திருத்தக் கூலி சில வேளை வாங்கிய விலையையும் விஞ்சிவிடுகின்றது.

உதிரிப்பாகம் தேடுவது அடுத்த இடர். பல போலிகளின் இயந்திரம் சுவிஸ் ஈ.டி.ஏ. 2824 என்பதைப் பார்த்துச் செய்யப்பட்டது. தோற்றம் ஒத்திருப்பினும், அளவு மயிரிழை வேறுபட்டாற்கூடப் பாகம் பொருந்தாது. பெயருக்குரிய நிறுவனத்தின் திருத்தகமோ போலியைத் தொடாது. நீர்காப்பு றப்பர் வளையம் தரம் குன்றியதாயின், உப்புக் காற்று உட்புகுந்து இரும்பைத் தின்றுவிடும்.

இவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. தன் கடிகாரம் உண்மையானது என்று நம்பியிருப்பவர், திருத்துபவர் போலியென்று கூறியவுடன், "உள்ளிருந்ததை மாற்றிவிட்டீர்" என்று ஐயுறக்கூடும். நெடுங்காலம் நேர்மையாய் உழைத்தவரின் நற்பெயர் ஒரு சொல்லில் அழிந்துபோகும். செய்தவன் எங்கோ இருக்க, பழி இவர்மேல் விழுகின்றது.

நேயர்களே, போலிக்குறி இட்ட பொருளை விற்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி குற்றமாகும். சட்டத்தை விடுத்து நோக்கினும், சிக்கனம் கூறுவது அதுவே. கடிகாரத்தைத் திறக்குமுன் கூலியைக் கேட்டறியுங்கள். அது எங்கே வாங்கியது என்பதை மறையாது கூறுங்கள். ஓய்ந்த பற்றரியை உள்ளே விட்டுவையாதீர்கள், அது கசிந்து இயந்திரத்தைக் கெடுக்கும். புதிதாக வாங்குவோர், தன் சொந்தப் பெயரோடு வரும் எளிய கடிகாரத்தையே வாங்குங்கள். நேரத்தைச் சரியாகக் காட்டுவதே அதன் தொழில். வாங்கியவரின் செல்வத்தைக் காட்டுவதன்று.