மனநல மருத்துவம் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடக் கூடாது

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

விவசாய நெருக்கடியைப் பற்றி நாம் தொடர்ந்து பேசி வருகிறோம். கடன், கொள்முதல் விலை, கூலி, நூறு நாள் வேலை ஆகியவை நமது கோரிக்கைப் பட்டியலில் நிலையான இடம் பெற்றவை. அந்த நெருக்கடி மனித மனத்தில் ஏற்படுத்தும் காயத்துக்குக் கிராமத்து ஏழை எங்கே சிகிச்சை பெறுவது என்ற கேள்வி மட்டும் அந்தப் பட்டியலில் இன்னும் இடம் பெறவில்லை. அதற்கு உரிய இடத்தைத் தர வேண்டும் என்பதே இந்த உரையின் சாரம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் தினக்கூலித் தொழிலாளர்கள். விவசாயத் துறையைச் சார்ந்தோர் 11,290 பேர். அதில் 5,207 பேர் விவசாயிகள், 6,083 பேர் விவசாயத் தொழிலாளர்கள். நிலமற்றவரின் மரணம் எண்ணிக்கையில் அதிகம். பொதுவெளியில் அது பேசப்படுவதோ மிகக் குறைவு.

2015-16இல் 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்கின்றனர் என்று கண்டது. நோயின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை. ஒரு லட்சம் மக்களுக்கு மூன்று மனநல மருத்துவர்கள் தேவை என்ற நிலையில், இருப்பவர்கள் முக்கால் பங்கு ஒருவர். அவர்களும் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளனர்.

இதன் பொருளை ஒரு கூலித் தொழிலாளியின் நிலையிலிருந்து பாருங்கள். மாதந்தோறும் மாவட்ட மருத்துவமனைக்குச் செல்வதென்றால் நோயாளிக்கு ஒரு நாள் கூலி போகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. பேருந்துக் கட்டணம் தனி. இரண்டு மூன்று மாதங்களில் மருந்து நின்றுவிடுகிறது, நோய் மீண்டும் முற்றுகிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி மாண்டனர். அந்தக் கொடுமைக்கு மூடநம்பிக்கையை மட்டும் காரணம் காட்டுவது எளிது. அருகில் ஒரு மருத்துவர் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தம் பிள்ளைகளை அங்கே கொண்டு சென்றிருக்கும்?

மாற்று வழி நமக்குத் தெரியாத ஒன்றல்ல. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1980களிலேயே, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் வழிகாட்டலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. அடிப்படை மருந்துகள் அங்கேயே வழங்கப்பட்டன. அந்த மாதிரியைக் கொண்டே 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் அமராவதி மாவட்டத்தில் 30 கிராமங்களில் உள்ளூர் ஊழியர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ‘விஸ்ராம்’ முயற்சியில், மனச்சோர்வுக்கு உதவி நாடியோரின் விகிதம் 4.3 சதவீதத்திலிருந்து 27.2 சதவீதமாக உயர்ந்தது. கேரளத்தின் குடும்ப சுகாதார மையங்களில் ‘ஆஸ்வாசம்’ என்ற பெயரில் மனச்சோர்வுக்கான சிகிச்சைப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. அரசு விரும்பினால் முடியும் என்பதற்கு இவையே சான்று.

அவ்வாறாயின் தடை எங்கே இருக்கிறது? பணத்தில் இருக்கிறது. காகிதத்தில் 767 மாவட்டங்களுக்கு இத்திட்டம் அனுமதிக்கப்பட்டுள்ளது. ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83.2 லட்சம் ரூபாய் வரை தரலாம் என்பது விதி. இருபது லட்சம் மக்கள் வாழும் மாவட்டத்தில் இது தலைக்கு நான்கு ரூபாய்! எல்லா மாவட்டங்களுக்கும் முழுமையாகக் கொடுத்தாலும் சுமார் 638 கோடி ரூபாய்தான் ஆகும். 2024-25இல் ஒன்றிய சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 91 ஆயிரம் கோடியில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதே ஆண்டில் நிம்ஹான்ஸ் நிறுவனத்துக்கு 850 கோடியும், தொலைபேசி ஆலோசனைச் சேவையான டெலி மானஸுக்கு 90 கோடியும் ஒதுக்கப்பட்டன. நிம்ஹான்ஸ் வளர வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. 14416 என்ற எண்ணில் கிடைக்கும் ஆலோசனையும் பயனுள்ளதே. ஆனால் தொலைபேசி, கிராமத்து நோயாளியின் கையில் மாத்திரையைக் கொண்டுவந்து தராது. மருந்தை நிறுத்திவிட்டவரின் வீட்டுக்கு நடந்து சென்று விசாரிக்காது. அந்தப் பணியைச் செய்யப் போகிறவர் ஆஷா ஊழியர். அவரோ ஊக்கத்தொகைக்கு உழைப்பவர். தொழிலாளி என்ற அங்கீகாரம்கூட அவருக்கு மறுக்கப்படுகிறது. ஊதியம் தராமல் அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதைச் சமூக மனநலச் சேவை என்று நாம் ஏற்க முடியாது.

தோழர்களே, இங்கே ஓர் ஐயம் எழலாம். துயரத்துக்குக் காரணம் கடனும் வேலையின்மையும் என்றால் மாத்திரையும் ஆலோசனையும் எதற்கு? கடன் தள்ளுபடிக்குப் பதிலாக ஆலோசனை வழங்கி அரசு தப்பித்துக்கொள்ள நாம் ஒருபோதும் இடம் தரக்கூடாது. அதே வேளையில், மனச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைச் சமுதாய மாற்றம் வரும்வரை காத்திருக்கச் சொல்லவும் நமக்கு உரிமையில்லை. சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் நோய்க்கு நாம் பாதுகாப்பையும் கேட்கிறோம், மருத்துவத்தையும் கேட்கிறோம். இதுவும் அப்படித்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியுள்ளது. சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. அத்தியாவசிய மருந்துகள் சமுதாய சுகாதார நிலையங்கள் முதற்கொண்டு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசுச் சேவை இல்லையெனில், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் கூறுகிறது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. மாவட்ட மனநலத் திட்டத்துக்கு ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும். அதன் பணியிடங்களை ஒப்பந்த முறையிலன்றி நிரந்தரமாக நிரப்ப வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் வரை மருந்து தடையின்றிச் செல்ல வேண்டும். ஆஷா ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் வழங்க வேண்டும்.

கிளைகள் உடனே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. உங்கள் மாவட்டத்தில் எத்தனை மனநலப் பணியிடங்கள் காலியாக உள்ளன, உங்கள் சமுதாய சுகாதார நிலையத்தில் கடந்த ஆறு மாதங்களில் எந்தெந்த மனநல மருந்துகள் இருப்பில் இல்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். வரும் பதிலைத் துண்டறிக்கையாக அச்சிட்டு வீடுவீடாகக் கொண்டு செல்லுங்கள். பல வீடுகளில் கதவுக்குப் பின்னால் மறைத்து வைக்கப்பட்டுள்ள துயரம் அப்போதுதான் வெளியே வந்து பேசத் தொடங்கும்.