எடைக்குப் போடும் முன்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலையாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாலும் பெயர் பெற்ற ஊர். அங்கே மட்டும் என்றில்லை, கரும்பும் நெல்லும் விளைகிற எந்த ஊரிலும் மாட்டுக்கொட்டகையின் மூலையில் காற்றிறங்கிய டயரோடு ஒரு கறுப்பு சைக்கிள் சாய்ந்து நிற்கலாம். தாத்தா ஓட்டியது. அப்பா மோட்டார் சைக்கிளுக்கு மாறியதும் அது கொட்டகைக்குப் போனது. பழைய இரும்பு வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுக்கும் ஒருநாளில் அது தராசில் ஏறிவிடும். அப்படிப்பட்ட சைக்கிள்களைத் தேடி வாங்கி, ஓவராயில் செய்து, ஓடுகிற நிலையில் இன்னொருவருக்கு விற்பதைச் சிலர் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். அதைப் பழமை மோகம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று சொல்லவே இந்த உரை. பழைய சைக்கிளை ஓடவைக்கிறவர் ஒரு கைவேலையையும் சேர்த்து ஓடவைக்கிறார். அந்தக் கைவேலை ஊருக்கே வேண்டியது.

முதலில் அந்தக் கறுப்பு சைக்கிளின் பூர்வீகம். ராலே, ஹம்பர், ரட்ஜ், ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. ராலே நாட்டிங்ஹாம் நகரத்தின் சைக்கிள். ஹெர்குலிஸ் பர்மிங்ஹாமின் சைக்கிள். விடுதலைக்குப் பின் உற்பத்தி இங்கேயே தொடங்கியது. 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் அம்பத்தூர் தொழிற்சாலை ஹெர்குலிஸ் என்ற பெயரை நம் ஊர்ப் பெயராகவே ஆக்கிவிட்டது. வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலே, 1951-இல் சோனிபத்தில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ என்று வரிசை நீண்டது. ஆனால், கம்பெனிகள் மாறினாலும் வண்டியின் உடம்பு பெரிதாக மாறவில்லை. 28 அங்குலச் சக்கரம், கம்பியால் இழுக்கும் பிரேக், முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40, அரை அங்குல இடைவெளி கொண்ட செயின். இந்த அளவுகள்தாம் தலைமுறைகள் தாண்டியும் தொடர்ந்தன. அதனால்தான் பர்மிங்ஹாமில் செய்த பழைய வண்டிக்கு லூதியானாவில் செய்த செயினும் டயரும் இன்றும் பொருந்துகின்றன.

என் வாதத்தின் முதல் சான்று அந்த உடம்பிலேயே இருக்கிறது. அது கழற்றுவதற்கென்றே கட்டப்பட்ட வண்டி. சக்கரத்தின் நடுவே கோன், கப், இரண்டுக்கும் இடையே பால்ரஸ். கோனைக் கழற்றினால் பால்ரஸ் கையில் கொட்டும். மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்ததை மாற்றி, கிரீஸ் வைத்து மறுபடி அடுக்கலாம். ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது. அந்த நடுநிலையை ஸ்பேனர் பிடித்த விரல்கள்தாம் கண்டுபிடிக்க வேண்டும். பெடல் கட்டையைத் தாங்கும் கிராங்கை அச்சோடு பிணைப்பது ஒரு சிறிய காட்டர் பின். பிரேம் குழாய்களோ லக் என்னும் கவசத்துக்குள் செருகப்பட்டுப் பித்தளையால் பற்றவைக்கப்பட்டவை. ஒரு குழாய் கெட்டால் அதை மட்டும் மாற்ற முடியும். மரத்தடியில் ஒரு பம்பு, இரண்டு மூன்று ஸ்பேனர், ஒரு சுத்தியல், தண்ணீர்ச் சட்டி ஆகியவற்றோடு ஒருவர் கடை நடத்த முடிந்ததற்கு இந்தக் கட்டுமானமே காரணம். கெட்டுப்போனால் பாகத்தையே தூக்கி எறிந்துவிட்டு மொத்தமாக மாற்றும் பொருள்கள் பெருகிவிட்ட காலத்தில், இந்தக் கட்டுமானத்தை அறிந்த கை அரிதாகி வருகிறது.

அந்த அறிவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பெரும்பாலான பிரிட்டிஷ் வண்டிகளில் பெடல் அச்சைத் தாங்கும் கப்பில் அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்ஹாம் ராலேயில் 26. இது தெரியாமல் வேறு கப்பை வைத்து முறுக்கினால் பிரேமின் மரையே போய்விடும். வாங்கும்போதும் இதே கண் வேண்டும். முன்னால் மோதிய வண்டியில், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் பின்னுக்கு வளைந்திருக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள ஹெட் குழாய்க்குப் பின்னே, குழாய்களின் அடிப்பக்கம் பெயிண்ட் மடிந்து வெடித்திருக்கும். பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலும் ஒரே தூரத்தில் இருந்தால் பிரேம் நேர். பின்சக்கரத்தின் நடுவே ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப் இருந்தால் அதன் மேல்தகட்டைத் துடைத்துப் பாருங்கள்; செய்த ஆண்டைக் குறிக்கும் எண் பெரும்பாலும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும்.

வாங்கியதும் வருகிற ஆசை, புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்குவது. அழகாக இருந்தால் என்ன தவறு என்று கேட்கலாம். தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால், அவசரம் வேண்டாம். கம்பெனி கையால் இழுத்த தங்கக்கோடு ஒருமுறை போனால் போனதுதான். மேல்துரு என்றால் மண்ணெண்ணெயும் மெல்லிய துணியும் போதும். இரும்பைத் தின்றுவிட்ட துருவுக்குத்தான் புதுப் பூச்சு வேண்டும். சீட்டிலும் அதே நிதானம் வேண்டும்; புரூக்ஸ் தோல் சீட்டை எண்ணெயில் ஊறவைத்தால் தோல் தளர்ந்து தொங்கிவிடும். இத்தாலியின் கயோலே என்ற சிற்றூரில் 1997 முதல் லெரோய்கா என்ற சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. 1987-க்கு முந்திய ரேஸ் சைக்கிள்களோடு வருகிறவர்கள் மண் சாலைகளும் கலந்த தடங்களில் நெடுந்தூரம் மிதிக்கிறார்கள். அங்கே பழைய வண்டிக்கு மதிப்பு அதன் மினுமினுப்பால் மட்டும் வருவதில்லை, புழுதியில் அது தாக்குப்பிடிப்பதால் வருகிறது. நம் கறுப்பு சைக்கிளுக்கும் அந்த அளவுகோல்தான் சரி.

இன்னொரு மறுப்பு நியாயமானது. ஏறத்தாழ இருபது கிலோ எடை, பெரும்பாலும் கியர் கிடையாது, மழையில் நனைந்தால் கம்பிப் பிரேக் சரியாகப் பிடிக்காது. இதைவிட இலேசான புது சைக்கிள் கிடைக்கும்போது இது எதற்கு? வேகம் வேண்டும் என்றால் இது எதற்கும் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். நாற்கர நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்ட இதை யாருக்கும் சிபாரிசு செய்யவும் மாட்டேன். ஆனால், விழுப்புரம் பக்கத்துச் சமவெளியில், வயலுக்கும் கடைத்தெருவுக்கும் ரயிலடிக்கும் போய்வர, நீண்ட உடம்பும் அகன்ற டயரும் கொண்ட இந்த வண்டி குலுங்காமல் போகும். கேரியரில் மூட்டையும் ஏற்றலாம். அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலை இங்கே இன்னும் மிச்சமிருக்கிறது.

மூன்றாவது மறுப்புதான் கடுமையானது. ஏழைப் பெரியவரிடம் இரும்பு விலைக்கு வாங்கி, நகரத்தில் பல மடங்குக்கு விற்பது பொழுதுபோக்கா, சுரண்டலா? பொருள் என்னவென்று விற்பவருக்குத் தெரியாத நிலையைப் பயன்படுத்தினால் அது சுரண்டல்தான். அதற்கு வேறு பெயர் இல்லை. அதனால் இந்தப் பொழுதுபோக்குக்கு இரண்டு ஒழுக்கங்கள் வேண்டும். வாங்கும்போது, இது எந்தக் கம்பெனி, எவ்வளவு பெறும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு விலை பேச வேண்டும். விற்கும்போது, எந்தப் பாகம் பழையது, எது புதிது, எங்கே பற்றவைத்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் லாபம் குறையும். குறையட்டும். பெயிண்ட், டயர், மெக்கானிக் கூலி போக மிஞ்சுவது அடுத்த வண்டி வாங்கப் போதுமானால், அதுவே ஒரு பொழுதுபோக்குக்கு நல்ல லாபம். விற்பதே கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். வாங்கி வாங்கி அடுக்குகிறவர் வீட்டில் சைக்கிள்கள் மறுபடி கொட்டகைக்குத்தான் போகின்றன. விற்கும்போதுதான் வண்டி சாலைக்குத் திரும்புகிறது.

இனி, இதனால் ஊருக்கு என்ன என்ற கேள்வி. 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினம். அன்றுதான் அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. அட்லஸ் வண்டிகள் அன்றோடு நின்றுவிடவில்லை. தொழிற்சாலை மூடினாலும் சைக்கிள் ஓடும்; சைக்கிள் கடை மூடினால் ஓடாது. அந்தக் கடையை நம்பியிருப்பவர்கள் பலர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். இன்று அரசுப் பள்ளி மாணவ மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பெண்ணின் சைக்கிளில் கோன் ஆடினாலும், சக்கரம் கோணிக்கொண்டாலும், பிரேக் கட்டை தேய்ந்தாலும் அதைச் சரிசெய்யப் பக்கத்தில் ஒரு கை வேண்டும். பஞ்சர் கூலியை மட்டும் நம்பி அந்தக் கடைக்காரர் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. பழைய சைக்கிளை முழு ஓவராயிலுக்குக் கொண்டுவந்து, நியாயமான கூலி கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து தானும் கற்றுக்கொள்கிறவர் அந்தக் கடைக்கு ஒரு தூண். ராலேயின் பால்ரஸை மாற்றிய அதே விரல்கள்தாம் மறுநாள் காலை பள்ளிக்கூட சைக்கிளின் பால்ரஸையும் மாற்றப்போகின்றன.

ஆகவே, நேயர்களே, கொட்டகையில் சாய்ந்து நிற்கும் அந்த வண்டியைத் தராசில் ஏற்றும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஹெட் பேட்ஜின் மேல் படிந்த தூசியைத் துடைத்துப் பெயரைப் படியுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு, உங்கள் ஊரில் இன்னும் கடை திறந்து வைத்திருக்கும் சைக்கிள் மெக்கானிக்கிடம் அதை உருட்டிக்கொண்டு போய், இது ஓடுமா என்று கேளுங்கள். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அவர் பதில் சொன்ன பிறகு முடிவு செய்யலாம்.