பழைய மோட்டார் வண்டியைப் புதுக்குதல்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



ஓய்வுநேரத்தை நல்வழியில் கழித்தல் பற்றிப் பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார். பொருள் பெரிது. ஆதலால் அதிலே நான் கைதொட்டு அறிந்த ஒரு பகுதியை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். வீட்டு வளவிலே, சனிக்கிழமைப் பின்னேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், பழைய மோட்டார்க் கார் ஒன்றைக் கழற்றித் திருத்தித் திரும்பப் பூட்டி ஓடவைத்த கதை அது. நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். கந்தோரிலே எழுதுவினைஞனாக உத்தியோகம் பார்ப்பவன். என்னால் இயன்றது உங்களில் எவருக்கும் இயலும் என்பதைக் காட்டவே இதைச் சொல்ல முன்வந்தேன்.

வண்டி ஒரு மொறிஸ் மைனர். 1958ஆம் ஆண்டிலே செய்யப்பட்டது. இவ்வினத்தின் வரலாற்றைச் சிறிது கூறுவது நலம். இங்கிலாந்திலே வில்லியம் மொறிஸ் என்பவர் 1893இல், தமது பதினாறாம் வயதிலே, பெற்றோரின் வீட்டிலிருந்து சைக்கிள் திருத்தும் தொழிலை ஆரம்பித்தார். அத்தொழிலே பின்னர் ஒக்ஸ்போட் நகரத்தருகே பெரிய மோட்டார்த் தொழிற்சாலையாக வளர்ந்தது. அவரும் நஃபீல்ட் பிரபு ஆனார். அத்தொழிற்சாலையில் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த மைனர் வண்டி 1948இல் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. முதல் மாதிரியைக் கண்ட இசிகோனிஸ், அகலம் போதாது என்று கருதி, அதை நெடுக்கே இரண்டாக வெட்டி, இடைவெளி விட்டு வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினாராம். மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. நஃபீல்ட் பிரபுவுக்கோ அதன் உருவம் பிடிக்கவில்லை. அவித்த முட்டைபோல இருக்கிறது என்று இகழ்ந்தார் என்பர். அந்த முட்டைதான் பத்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட முதற் பிரித்தானியக் கார் என்னும் பெயரைப் பெற்றது. 1970களின் தொடக்கத்திலே உற்பத்தி நின்றபோது ஏறக்குறைய 16 இலட்சம் வண்டிகள் உலகெங்கும் சென்றிருந்தன.

அவற்றுட் பல இலங்கைக்கும் வந்தன. யாழ்ப்பாணத்திலே ஒஸ்ரின் ஏ 40 வண்டிகள் வாடகைக்குப் பெயர்போனவை. மொறிஸ் மைனரோ ஆசிரியர்களும் டாக்குத்தர்மாரும் கடைமுதலாளிமாரும் வீட்டுக்கென்று வைத்திருந்த வண்டி. எங்கள் வண்டியை என் தந்தையார் 1970களில் மூன்றாங் கையாக வாங்கினார்.

இளைஞர்களே, நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்: 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, இந்தப் பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. அது எவ்வாறு இயன்றது? பெற்றோல் குளிர்ந்த நிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறினாலன்றி ஆவியாகாது. ஆகவே ஒரு சிறு போத்தல் பெற்றோலைக்கொண்டு என்ஜினைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்தம் குறைந்த பழைய என்ஜின் ஆனபடியால் அது அந்தத் தாழ்ந்த எரிபொருளையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு விலை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர் வழியே கீழிறங்கி என்ஜின் ஒயிலோடு கலந்து, அதனைத் தண்ணீராக்கிவிடும். அடிக்கடி ஒயில் மாற்றாத வண்டிகள் உள்ளே தேய்ந்துபோயின. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் எல்லாரும் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்த இரவிலே, எங்கள் வண்டி எட்டுப்பேரையும் ஒரு தையல் மெசினையும் சுமந்துகொண்டு, நடப்பாரின் வேகத்திலே, கொதித்துக் கொதித்து நின்று நின்று சென்றது.

தந்தையார் காலமானபின் வண்டி கொட்டிலிலே பதினொரு வருடம் கிடந்தது. 2020 மார்ச்சிலே நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025இல்தான் அத்தடை தளர்ந்தது. இடைக்காலத்திலே பழைய வண்டிகளைத் தேடி ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்து, கிடந்தபடியே லொறியில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லி, நல்ல விலையும் பேசினார். எனக்குச் சம்மதம். தாயாரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: “விக்கிறதெண்டா வில்லு தம்பி. ஆனா ஓடுற வண்டியா வில்லு. கொப்பர் ஒருநாளும் அதைக் கட்டியிழுக்க விடேல்லை.” அந்தச் சொல்லை மீற மனம் வரவில்லை. வேலை அன்று தொடங்கியது.

இனி வேலையின் முறையைச் சொல்கிறேன். ஸ்பானரைத் தொடுமுன் பார்க்கவேண்டியது பதிவுப் புத்தகம். என்ஜின் இலக்கமும் சட்ட இலக்கமும் அதிலுள்ளபடி வண்டியில் இருக்கின்றனவா என்று ஒப்பிடவேண்டும். பத்திரம் ஒழுங்கில்லாத வண்டியை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் அது தெருவுக்கு வரமுடியாது.

இரண்டாவது, கழற்றுவதில் ஒழுங்கு. பால்மாத் தகரங்கள் முப்பது சேர்த்தேன். ஒவ்வொரு பாகத்தின் நெட்டும் போல்ற்றும் தனித்தனித் தகரத்தில். மேலே பெயர் எழுதிய கடதாசி. கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம், கழற்றியபின் ஒரு படம். வருடக்கணக்கிலே நீளும் வேலையில் ஞாபகசக்தியை நம்பலாகாது. பூட்டப்படாமல் முற்றத்திலே சிதறிக்கிடக்கும் கார்களிற் பல, திறமைக் குறைவால் அல்ல, ஒழுங்குக் குறைவால் கிடப்பவை.

மூன்றாவது, கறள். நமது குடாநாட்டிலே எத்திசையில் போனாலும் உப்புக்காற்று. மைனர் வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தகட்டாலான உடலே எலும்புமாகும். கதவுகளின் கீழே இருபுறமும் ஓடும் பெட்டிபோன்ற பகுதியே அதன் முதுகெலும்பு. கறள் அங்கேதான் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ற் பளபளக்கும். திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கும். அதைப் பசை பூசி மறைப்பது கறையான் தின்ற வளைக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கு ஒப்பாகும். உக்கியதை வெட்டியெறிந்து புதுத்தகடு ஒட்டவேண்டும். இரு பக்கத்தையும் ஒரே வேளையில் வெட்டலாகாது. உடலைச் சமமாகத் தாங்கவைத்து, ஒருபக்கம் முடித்து, கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்த்தபின்பே மறுபக்கம். ஒட்டுமுன் பெற்றோல் தாங்கியைக் கழற்றி வளவின் மறுகோடியில் வைக்கவேண்டும். நிறைந்த தாங்கியிலும் வெறுந்தாங்கி ஆபத்தானது. அதனுள்ளே நிற்பது ஆவி. இந்த ஒட்டுவேலையை மட்டும் நான் செய்யவில்லை. கைதேர்ந்த ஒருவரை அழைத்துச் செய்வித்தேன். தன் கைக்கு எட்டாததை அறிந்து விடுவதும் தொழிலறிவே.

நான்காவது, நிறுத்துதல். பலர் முதலில் என்ஜினை ஓடவைக்கவே ஆசைப்படுவர். ஓடுகின்ற வண்டி நிற்கவும் வேண்டும் அன்றோ? இவ்வண்டியில் நான்கு சில்லுக்கும் ஒரே குழாய்வழியாகவே பிறேக் எண்ணெய் செல்கிறது. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயிற்று. எஞ்சுவது கைப்பிறேக் மட்டும். ஆகவே பழைய குழாய்களையும் றப்பர்களையும் முற்றாக மாற்றினேன். பிரதான சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழே மறைந்திருப்பதால் அதைப் பார்க்காமலே விட்டுவிடுவோர் உளர், விடலாகாது. பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். முன்சில்லுகளைத் தாங்கும் திருகுமூட்டுகள் இவ்வினத்தின் பலவீனம். கிறீஸ் காணாமல் தேய்ந்தால், ஒருநாள் தெருவிலே சில்லு மடிந்துவிடும்.

அதன் பின்பே என்ஜின். 948 கன சென்ரிமீற்றர், 37 குதிரைவலு. அதைத் திறந்தபோது மண்ணெண்ணெய்க் காலத்துக் கரி கட்டிகட்டியாய் இருந்தது. சுரண்டித் துப்புரவாக்கி, தேய்ந்தவற்றை மாற்றி, வால்வு இருக்கைகளில் கடினமான வளையங்கள் போடுவித்தேன். ஏனெனில் முற்காலத்துப் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வைத் தேயாமற் காத்தது. 2002இல் நமது நாட்டில் ஈயப் பெற்றோல் நின்றுவிட்டது. தலைப்பாகத்தின் நெட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, சிறிது சிறிதாக, 40 அடி-இறாத்தல் வரை இறுக்கவேண்டும். வால்வு இடைவெளி, என்ஜின் குளிர்ந்திருக்கையில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. தீப்பொறி செல்லும் வரிசை 1, 3, 4, 2. மின்வேலையில் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தப் பழைய வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்படும். இக்காலத்து வழக்கப்படி மாற்றிக் கொடுத்தால் டைனமோவுக்கும் கேடு வரும்.

என் மருமகன் ஒருவன், “மாமா, இவ்வளவு கஷ்டம் ஏன்? யப்பான் என்ஜின் ஒன்றை வைத்துவிடுங்கள், பறக்கும்” என்றான். அவ்வாறு செய்தோர் நம் நாட்டில் ஏராளம். அது பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 37 குதிரைவலுவுக்கென்று வகுத்த பிறேக்கும் முன்சில்லும் இருமடங்கு வலுவைத் தாங்குமா என்று யோசிக்கவேண்டும். பதிவுப் புத்தகத்தையும் மாற்றவேண்டும். நான் பழையதையே வைத்தேன். இன்னொரு கேள்வி என்னை அதிகம் வருத்தியது. மூடியின் உள்ளே, தந்தையார் தகட்டை வளைத்துச் செய்த சிறு தாங்கி ஒன்று உண்டு. பெற்றோல் போத்தல் தொங்கிய இடம். புதுப் பெயின்ற் அடிக்கும்போது அதை அறுத்துவிடலாம் என்று பெயின்ற்காரர் சொன்னார். ஒக்ஸ்போட்டிலிருந்து வந்த நிலைக்கு மீட்பதே புதுக்குதல் என்றால் அதை அறுத்திருக்கவேண்டும். நான் அறுக்கவில்லை. வண்டியின் வரலாறு தொழிற்சாலை வாயிலோடு முடிந்துவிடவில்லை. அதை இயக்கியவர்களின் வரலாறும் அதுவே.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். இலாபத்துக்காக இதிலே இறங்காதீர்கள். கடன்பட்டு ஒருபோதும் இறங்காதீர்கள். சம்பளத்திலே மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி, அது தீர்ந்தால் அம்மாதம் சாமான் வாங்குவதை நிறுத்தி, உள்ளதைத் துடைத்து மினுக்கினேன். வேலை மூன்று ஆண்டு சென்றதற்கு அதுவே காரணம். பிள்ளைகளின் படிப்புக்கும் கோயிற் காரியத்துக்கும் உரிய நேரத்தை அதற்குக் கொடுக்கவில்லை. மாறாக, என் மகள் பத்து வயதிலே ஸ்பானரின் அளவைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லப் பழகினாள். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு தன் ஸ்பானரையும் தானே வைத்தாள்.

முடிவாக ஒன்று. இந்த மூன்று ஆண்டிலும் நான் வாங்கியவற்றுள் விலைமதிப்பற்றது வயோதிப மெக்கானிக் ஒருவரின் அறிவு. திருப்புளியின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதிலே வைத்து, எந்த இடத்தில் தேய்வு என்று அவர் சொல்லுவார். பெற்றோல் இல்லாத நாளிலே குடாநாட்டை ஓடவைத்த கைகள் அவை. அவர் எந்தப் புத்தகமும் எழுதவில்லை. அவரைப்போன்ற எவரும் எழுதவில்லை. இரண்டாம் வருடத்தின் நடுவிலே அவர் இறந்துபோனார். கார்பரேற்றரைப் பற்றி அவரிடம் கேட்கவிருந்த கேள்விகள் என் கொப்பியிலே அப்படியே இருக்கின்றன.

ஆகையால் இளைஞர்களே, உங்கள் ஒவ்வொருவரிடமும் பழைய கார் இல்லாமலிருக்கலாம். தாத்தாவின் சைக்கிளோ, நின்றுபோன நீர்ப்பம்பியோ, அம்மாவின் தையல் மெசினோ இருக்கும். அதைக் கழற்றுங்கள். தெரியாத இடத்தில், உங்கள் ஊரிலே இன்னும் உயிரோடிருக்கும் பழைய தொழிலாளி ஒருவரின் வாங்கிலே போய் அமர்ந்து கேளுங்கள், கேட்டதை எழுதிவையுங்கள். நமது சங்கம் ஒரு பொதுவான ஆயுதப்பெட்டியை வாங்கி அங்கத்தவர்களுக்கு முறைவைத்துக் கொடுக்குமானால் அது சிறந்த தொண்டாகும் என்பது என் விண்ணப்பம். பெரியோர்களே, நீங்களும் பிள்ளைகளின் கையிலே எண்ணெய்க் கறையைக் கண்டால் ஏசாதீர்கள். சவர்க்காரம் எடுத்துக் கொடுங்கள்.

வண்டி விற்கப்பட்டதா என்று சிலர் கேட்கக்கூடும். அது வாசலிலே நிற்கிறது. கூட்டம் முடிந்தபின் பார்க்க விரும்புவோர் வரலாம். மூடியையும் திறந்து காட்டுவேன்.