உணவுமேசையில் ஒரு பாடம்

"அடங்காப் பிள்ளை" என்னும் ஒரு சொல்லே பள்ளிக் கதவைப் பாதி அடைத்துவிடும். 1960களின் இறுதியில், இலண்டன் ஹாக்னிப் பகுதியில் பணியாற்றிய கல்வி உளவியலாளர் மார்ஜோரி பாக்ஸால் அச்சொல்லை ஏற்கவில்லை. வகுப்பைக் கலைத்த குழந்தைகளிடம் அவர் கண்டது முரட்டுத்தனம் அன்று. தொடக்க ஆண்டுகளில் கிட்டாத அரவணைப்பின் வெறுமை.

அவர் வகுத்த முறை எளிது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், வீட்டை ஒத்த ஓர் அறை. அங்குச் சேர்ந்துண்ணும் காலையுணவும் பாடமே. ரொட்டித் தட்டு தன்னிடம் வரும்வரை காத்திருத்தல், அடுத்தவர்க்கு நகர்த்துதல், பறிக்காமல் வாய்திறந்து கேட்டல். சினத்துக்குச் சொல் கிட்டாதபோதுதானே கை ஓங்குகிறது? கவிஞர்கள் இதனை நன்கறிவர். பெரியவர் இருவரும் தம்முள் கனிவாக உரையாடுவதைப் பிள்ளைகள் நாளும் காண்கின்றனர்.

குழந்தையின் பெயர் பழைய வகுப்பிலேயே நீடிக்கும். பெரும்பாலும் ஓராண்டளவில் அது அங்கே திரும்பும். அந்நாளில் ஆசிரியர் பழைய பட்டத்தால் அழைத்துவிட்டால், அத்தனை காலையுணவும் வீண்.