மலைநாட்டுக்குக் கோச்சி வந்த கதை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புகையிரதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னபோது நமது செயலாளர் சற்றே தயங்கினார். ஆண்டு விழா மேடையில் திருமுறையோ திருக்குறளோ பேசுவதுதான் முறை என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆயினும் இவ்வூரில் பிறந்த நம் எல்லோரையும் ஒரு வகையில் இங்கே கொண்டுவந்து நிறுத்தியது அந்த இரும்புப் பாதைதான். அதன் கதையை நாமே அறியாதிருப்பது சரியன்று எனக் கருதியே இதனை எடுத்துக் கொண்டேன்.

நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். அங்கே ஜார்ஜ் ஸ்டீபன்சனைப் பற்றிப் படித்தோம். லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 1830இல் ரயில் ஓடியதை நெட்டுருப் போட்டுப் பரீட்சை எழுதினோம். வகுப்பறை ஜன்னலுக்குக் கீழே தினமும் கோச்சி ஊதிக்கொண்டு போகும். அது இங்கே எந்த வருஷம் வந்தது என்று ஆசிரியரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் வேறு எதையோ தேடிப் போனபோதுதான் எனக்கு அந்த வருஷம் கிடைத்தது. அட்டனுக்கு 1884, நானுஓயாவுக்கு 1885.

முதலில் கோச்சி ஏன் வந்தது என்று பார்ப்போம். மனிதரை ஏற்றிச் செல்ல அது வரவில்லை, காப்பி மூட்டையை இறக்கவே வந்தது. கண்டிச் சீமையில் விளைந்த காப்பி தவள மாடுகளின் முதுகிலும் மாட்டு வண்டியிலுமாகக் கடுகண்ணாவைக் கணவாய் வழியே கொழும்புக்கு இறங்கியது. மழைக் காலத்தில் வண்டி புதையும், மாட்டுக்கு நோய் வந்தால் வண்டியே நிற்கும். கப்பலுக்குக் காத்திருக்கும் துரைமாருக்கு இது பெருந்தலைவலி. 1845இல் லண்டனில் ஒரு இலங்கை ரயில்வே கம்பெனியை அமைத்தார்கள். பதின்மூன்று வருஷம் பேச்சிலும் கணக்கிலும் கழிந்த பின், 1858இல் தேசாதிபதி சர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். மதிப்பிட்ட செலவு ஏறிக்கொண்டே போகவே கம்பெனி விலகியது, அரசாங்கமே வேலையைக் கையில் எடுத்தது. பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே இந்தியாவின் முதற் பாதையைப் போட்ட ஒப்பந்தக்காரர்களில் ஒருவரான ஃபேவியல் இங்கும் வந்தார். 1864 டிசம்பரில் அம்பேபுஸ்ஸை வரை வண்டி ஓடிற்று. 1867இல் கண்டியை எட்டியது.

‘வெள்ளைக்காரன் நமக்குப் போட்டுக் கொடுத்த கோச்சி’ என்று நம் பெரியோர் சிலர் நன்றியோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் மனம் நோகப் பேசுவது என் எண்ணமன்று. ஆனால் போட்டவர் யார், கொடுத்தவர் யார் என்பதைச் சற்றுப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். பாதைக்குப் பணம் சேர்க்கக் காப்பி ஏற்றுமதியின் மேல் வரி விதித்தார்கள். அந்தக் காப்பியைப் பறித்தது திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்த கைகள். மலையை வெடி வைத்துப் பிளந்து, கல் சுமந்து, கட்டை அடுக்கிய கூலிகளிலும் நம்மவர் திரளாக இருந்தனர். திட்டமிட்ட பொறியியலாளரின் அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது மெய்யாகவே பெரிய அறிவு. நாவலப்பிட்டியிலிருந்து அட்டனுக்கு ஏறத்தாழ 21 மைல். அதற்குள் கோச்சி இரண்டாயிரம் அடிக்கு மேல் ஏறுகிறது. 44 அடி முன்னே போனால் ஓரடி மேலே போகும் ஏற்றம் அது. நீலகிரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் திறந்த பாதையில் பல் சக்கரம் வைத்துத்தான் ஏறினார்கள். டார்ஜிலிங்கில் 1881இல் இரண்டடி அகலத்தில் சின்னஞ்சிறு பாதை போட்டார்கள். இங்கேயோ பல்லும் இல்லை, பாதையும் சிறிதில்லை. சமவெளியில் ஓடும் அதே ஐந்தரை அடி அகலப் பாதையை மலையைச் சுற்றிச் சுற்றி வளைத்து, பட்டிப்பொலைக்கு அப்பால் 6,226 அடி உயரம் வரை கொண்டு போனார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்குத் தலை வணங்குவோம். கல்லைச் சுமந்த தலைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதுதான் என் வேண்டுகோள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1867க்குப் பின் காப்பி கண்டியிலிருந்து கோச்சியில் இறங்கியது. அந்தக் காப்பியைப் பறிக்க வந்த மனிதரோ தலைமன்னாரில் தோணி விட்டு இறங்கி, மன்னார், மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டு வழியே நடந்துதான் வந்தார்கள். தண்ணீருக்குத் தவித்தும், வாந்திபேதி கண்டும் வழியிலேயே விழுந்தவர் எத்தனையோ பேர். மூட்டைக்குக் கோச்சி வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1914இல்தான் தலைமன்னாருக்குப் பாதை வந்தது. தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் அந்த வருஷமே ஓடியது.

காப்பியின் கதைக்குத் திரும்புகிறேன். 1869இல் மடுல்சீமைப் பக்கம் காப்பி இலையில் செம்புள்ளி விழுந்தது. 1874இல் கோச்சி நாவலப்பிட்டிக்கு வந்தபோது துரைமார் நோயை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அடுத்த பத்தாண்டில் காப்பி விழுந்தே விட்டது. 1884 மே மாதத்தில் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. வங்கி நோட்டுக்குத் தாமே பொறுப்பு என்று தேசாதிபதி கோர்டன் உறுதி சொல்ல வேண்டியதாயிற்று. அதே வருஷத்தில்தான் அட்டனுக்கு முதல் வண்டி வந்தது! யாருக்காகப் பாதை போட்டார்களோ அந்தக் காப்பி செத்துக் கிடந்த வேளையில் பாதை வந்து சேர்ந்தது. கலியாணத்துக்கு வந்த மேளம் கருமாதியில் வாசித்த கதைதான்.

ஆனால் மேளம் வீணாகவில்லை. கண்டிக்குக் கோச்சி வந்த அதே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். 1875இல் இலங்கை முழுவதும் சுமார் ஆயிரம் ஏக்கர் தேயிலை, 1885இல் சுமார் ஒரு லட்சம், 1895இல் மூன்று லட்சம். இந்த வேகத்துக்குக் கோச்சி ஒரு பெருங்காரணம். காப்பிக் கொட்டையை உலர்த்தி மூட்டை கட்டினால் போதும், மீதி வேலை கொழும்பில் நடக்கும். தேயிலை அப்படியன்று. பறித்த கொழுந்தை மறுநாளுக்குள் வாட்டி, அரைத்து, காய்ச்சியாக வேண்டும். ஆகவே தோட்டத்திலேயே ஸ்டோர் வேண்டும். ஸ்டோருக்கு எஞ்சினும் அரைக்கும் இயந்திரமும் வேண்டும். அத்தனை இரும்பை மாட்டு வண்டியில் ஏற்றி இந்த மலைக்குக் கொண்டு வருவது எளிதா? அவை கோச்சியில் வந்தன. பெட்டிப் பலகை வந்தது, ஈயத் தகடு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம்மவர் உண்ண அரிசி மூட்டை வந்தது.

காப்பிக்கு ஆள் பருவத்துக்கு வந்தால் போதும். பறித்து முடித்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலையோ வருஷம் முழுவதும் துளிர்க்கும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும், குடும்பம் வேண்டும். லயம் கட்டினார்கள், பிள்ளை பிறந்தது, மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. நாம் இந்நாட்டவரானது இப்படித்தான். கோச்சியும் தேயிலையும் சேர்ந்து நம்மை இங்கே வேரூன்ற வைத்தன.

பாதை மேலும் போனது. 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை, நெடுநாள் கழித்து 1924இல் பதுளை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக றாகலைக்கு ஒரு சின்னக் கோச்சி ஓடியதை இன்று பலர் அறியார். 1903இல் தொடங்கி ஐம்பதாண்டு கூட நிலைக்கவில்லை, லாரி வந்து அதனை விழுங்கியது. நிலையங்களின் பெயரைப் பாருங்கள். ரொசெல்ல, கிரேட் வெஸ்டர்ன் என்று துரைமாரின் தோட்டப் பெயரே பலகையில் நிற்கிறது. ஒன்றே ஒன்று தப்பியது. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவிலுள்ள சுரங்கத்துக்குக் காகிதத்தில் பூல்பேங்க் என்று பெயர். நம் வாயில் அது என்றும் சிங்கமலைதான்.

இனி எங்கள் வீட்டுக் கதை ஒன்று. 1964இல் டில்லியில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. மீந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் அம்மாயி இந்தப் பக்கமும், அவருடைய அக்கா குடும்பம் அந்தப் பக்கமும் விழுந்தன. எழுபதுகளில் ஒரு நாள் அட்டன் நிலையத்தில் டிரங்குப் பெட்டியோடு அவர்களை ஏற்றினார்கள். தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம். அம்மாயி இதைச் சொல்லும்போது அழுவதில்லை. “கோச்சி ரொசெல்ல பக்கம் வளையிற வரைக்கும் அக்கா கை தெரிஞ்சிச்சு. பொறகு பொகதான் தெரிஞ்சிச்சு. எங்கப்பன் பாதையில வேல செஞ்சவரு. அவரு தட்டுன தண்டவாளத்து மேலதான் அவ போனா” என்பார். 1984இல் கப்பலும் நின்று போயிற்று. அந்த அக்காவை அம்மாயி பிறகு பார்க்கவேயில்லை.

அம்மாயியின் அப்பாவைப் போலப் பாதை வேலை செய்தவர் யார் யார் என்று நான் தேடத் தொடங்கினேன். நூலகத்தில் தேசாதிபதிகளின் பெயர் இருக்கிறது, பொறியியலாளர் பெயர் இருக்கிறது. சம்மட்டி பிடித்தவர் பெயர் நான் பார்த்த ஏடு எதிலும் இல்லை. உங்கள் வீட்டில் பாட்டனோ பூட்டனோ இந்தப் பாதையில் வேலை செய்திருந்தால், பெயர், எந்தத் தோட்டம், எந்த ஊரிலிருந்து வந்தார், இவ்வளவு போதும். பழைய துண்டோ படமோ இருந்தால் இன்னும் நல்லது. கூட்டம் முடிந்ததும் பின் வாங்கில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். முதற் பெயராக எங்கள் பூட்டன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு மலரில் அந்தப் பட்டியலுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குவதாகச் செயலாளர் வாக்களித்திருக்கிறார்.